ஈஸிஸ்டார் 2: முதலில் கிளைடர், அப்புறம்தான் மோட்டார்

ரிமோட் விமானம் பழக ஆரம்பிப்பவர் எந்தக் குழுவில் போய்க் கேட்டாலும், "கையை விட்டாலும் தானே பறக்கும், ஈஸிஸ்டார் வாங்கு" என்ற பதில் வரும். ஜெர்மனியில் பிரெட்டன் என்ற ஊரைச் சேர்ந்த மல்டிப்ளெக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு இது. முதல் ஈஸிஸ்டாருக்குப் பிறகு 2 வந்தது, அதற்கும் பிறகு 3 வந்துவிட்டது. இருந்தாலும் பலரிடம் இருப்பதும் செகண்ட் ஹேண்டாகக் கைமாறுவதும் 2தான் என்பதால் இந்த விமர்சனம் அதைப் பற்றியது. தானே பறக்கும் என்ற பேச்சில் பாதி உண்மை. எடையைச் சரியான இடத்தில் வைத்து, மோட்டாரை அணைத்த நிலையில் ட்ரிம் (ஸ்டிக்கைத் தொடாமலே நேராகப் பறக்கும்படி வாலின் அசையும் பலகைகளை நுணுக்கமாகச் சரிசெய்வது) செய்திருந்தால் அது நிஜமாகவே தன்பாட்டுக்குப் பறக்கும். இந்த இரண்டில் ஒன்றைத் தவறவிட்டாலும், இதே விமானம் புதியவரைப் பாடாய்ப் படுத்திவிடும்.

இறக்கை நுனிக்கு நுனி 1366 மி.மீ., விமானத்தின் நீளம் 977 மி.மீ., பறக்கத் தயாரான எடை சுமார் 700 கிராம். மோட்டார் மூக்கில் இல்லை. இறக்கைக்கு மேலே, உடலின் முதுகில் ஒரு திமில் மாதிரி உட்கார்ந்து, பின்னாலிருந்து தள்ளுகிறது. மூக்கு குத்தி விழுந்தாலும் பிராப் (சுழலும் விசிறி) உடையாது, மோட்டார் தண்டு வளையாது. பழகுபவருக்கு இது பெரிய வரம். ஆனால் தள்ளும் விசை ஈர்ப்பு மையத்துக்கு மேலே இருப்பதால், ட்ரிம் செய்யும்போது வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்தத் திமிலிலிருந்துதான் பிறக்கின்றன. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் ஒட்டும் வேலை. இங்கே செய்யும் தவறை எந்த ட்ரிம்மாலும் முழுதாகத் திருத்த முடியாது. உடல் இரண்டு பாதிகளாக வருகிறது. எலாபோர் என்று மல்டிப்ளெக்ஸ் பெயர் வைத்திருக்கும் இந்த நுரைக்கு, நடுத்தரம் அல்லது கெட்டியான சயனோ (சூப்பர் க்ளூ வகை) பசையும் அதை இறுக வைக்கும் ஆக்டிவேட்டரும்தான் சரி. வெள்ளைப் பசையும் எபாக்ஸியும் இதில் உருப்படியாகப் பிடிக்காது. ஒரு பாதியில் பசை, மறு பாதியில் ஆக்டிவேட்டர் அடித்து, ஆவியாக ஓரிரண்டு நிமிடம் விட்டு, தட்டையான மேசை மீது வைத்துச் சேர்க்க வேண்டும். கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒட்டினால் வால் பகுதி வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். பிறகு ரட்டரின் (இடவலமாகத் திருப்பும் வால் பலகை) ட்ரிம் ஒரு ஓரத்துக்குப் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அப்படி வளைந்துவிட்டால் பயப்பட வேண்டாம். கொதி அடங்கிய வெந்நீரை அந்த இடத்தில் மெதுவாக ஊற்றி, எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே வளைத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் நேராகிவிடும். முறுக்கிப்போன இறக்கைக்கும் இதே வைத்தியம்தான். சர்வோவும் (பலகைகளை அசைக்கும் சிறு மோட்டார்) ரிசீவரும் (ரிமோட்டின் சைகையைப் பெறும் கருவி) உள்ளே இருந்தால் நீர் வேண்டாம், சூடான காற்றை எட்ட நின்று காட்டலாம். கிட்டே கொண்டுபோனால் நுரை கொப்பளிக்கும்.

எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை), ரட்டர் இரண்டுக்கும் தனிக் கீல் கிடையாது. மெலிந்த நுரையே கீல். புதிதாக இருக்கும்போது விறைப்பாக இருக்கும். கையால் 20, 30 முறை மேலும் கீழும் முழுதாக மடக்கிப் பழக்கிவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் சிறிய சர்வோ அந்த விறைப்போடு மல்லுக்கட்டும், ஸ்டிக்கை விட்டதும் எலிவேட்டர் நடுவுக்குத் திரும்பாது. ஒருமுறை மேலே இழுத்துவிட்டால் அரை மி.மீ. மேலேயே நிற்கும், கீழே தள்ளிவிட்டால் அரை மி.மீ. கீழேயே நிற்கும். "ட்ரிம் ஓடிக்கொண்டே இருக்கிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். சர்வோ பழுது என்று நினைத்து மாற்றுவது வீண் செலவு. கீலில் சயனோ வழிந்திருந்தாலும் இதே கதைதான், அந்த இடம் கண்ணாடி மாதிரி விறைத்துப்போகும்.

இணைப்புகளில் ஒரு ஒழுங்கு வேண்டும். டிரான்ஸ்மிட்டரில் (கையிலிருக்கும் ரிமோட்) ட்ரிம், சப்ட்ரிம் (சர்வோவின் நடுநிலையை நகர்த்தும் அமைப்பு) எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்து, சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்து, அதன் கை கம்பிக்குச் செங்குத்தாக நிற்கும் பல்லில் மாட்டுங்கள். அதன் பிறகு கம்பியின் நீளத்தை மாற்றி எலிவேட்டரை நிலையான வாலோடு ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மிச்சமிருக்கும் அரை மி.மீ.க்குத்தான் சப்ட்ரிம். கம்பி சர்வோ கையின் உள்துளையிலும் ஹார்னின் (பலகையில் கம்பி மாட்டும் கொம்பு) வெளித்துளையிலும் இருப்பது நல்லது. அசைவு குறையும், ஆனால் சர்வோவின் முழு ஓட்டமும் பயன்படுவதால் நடுநிலை துல்லியமாக நிற்கும். ஆரம்பத்துக்கு எலிவேட்டர் மேலும் கீழும் 8 மி.மீ., ரட்டர் இருபுறமும் 20 மி.மீ. அளவு போதும். ஏலரானை (விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டும் இறக்கைப் பலகை) வெட்டிப் பிரித்து இயக்குபவர்கள் மேலே 12, கீழே 6 என்று வைக்கலாம். கீழிறங்கும் பக்கம் இழுவை கூடி மூக்கைத் தப்பான திசைக்குத் திருப்பும் என்பதால்தான் இந்தப் பாதி அளவு. ஏலரான் இல்லாமல், ரட்டரும் எலிவேட்டரும் மட்டும் வைத்துப் பழகுவதே இந்த விமானத்துக்கு அழகு.

இனி எடை. ஈர்ப்பு மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, உடலை ஒட்டிய இடத்தில், 78 மி.மீ. பின்னால். இறக்கையின் அடியில் அந்த இடத்தில் சிறு புடைப்புகளை வார்ப்பிலேயே கொடுத்திருக்கிறார்கள். இது நல்ல யோசனை, விரல் நுனி தானே இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனாலும் ஒருமுறை அளவுகோல் வைத்து அளந்து, பேனாவால் 75, 78, 81 என்று மூன்று கோடு போட்டுக்கொள்வது பின்னால் கைகொடுக்கும்.

விரல் நுனியில் தூக்கிப் பார்ப்பது அவசரத்துக்கு உதவும், ஆனால் விரல் 5 மி.மீ. அகலமான பொருள். ஒரு பலகையில் இரண்டு பென்சிலை 15 செ.மீ. இடைவெளியில் நிமிர்த்தி நட்டு, ரப்பர் முனை மேலே இருக்கும்படி வைத்தால் காசில்லாத சமநிலைத் தாங்கி தயார். பேட்டரி, பிராப், ரிசீவர் எல்லாம் உள்ளே, மூடி மூடிய நிலையில் அதன் மேல் வைக்க வேண்டும். மோட்டார் உயரத்தில் இருப்பதால் விமானம் தராசு மாதிரி அசையாமல் நிற்காது, எப்படியும் ஒரு பக்கம் சாயும். அதற்காகக் குழம்ப வேண்டாம். 77இல் வைத்தால் வால் விழுந்து, 79இல் வைத்தால் மூக்கு விழுந்தால், மையம் 78இல் இருக்கிறது என்று பொருள்.

மையம் 78இல் இல்லை என்றால் ஈயத்தைத் தேடி ஓடாமல் கணக்குப் போடுங்கள். எடையையும் அதை நகர்த்திய தூரத்தையும் பெருக்கி, மொத்த எடையால் வகுத்தால் மையம் நகர்ந்த தூரம் வரும். 180 கிராம் பேட்டரியை 10 மி.மீ. முன்னால் தள்ளினால் 700 கிராம் விமானத்தில் மையம் சுமார் 2.5 மி.மீ. முன்னால் போகும். மையம் 83இல் இருந்தால், 78க்குக் கொண்டுவரப் பேட்டரியை ஏறக்குறைய 20 மி.மீ. முன்தள்ளினால் போதும். இடம் இல்லையென்றால்தான் ஈயம். மையத்துக்கு 250 மி.மீ. முன்னால் வைக்க முடிந்தால் 14 கிராம் பிடிக்கும்.

இதே கணக்கு வாலில் எதிராக வேலை செய்கிறது. வால் உடைந்து, தாராளமாகப் பசையும் டேப்பும் போட்டு 5 கிராம் கூட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து அது 550 மி.மீ. பின்னால் இருக்கிறது. மையம் கிட்டத்தட்ட 4 மி.மீ. பின்னால் போய்விடும், அதை மீட்க மூக்கில் 11 கிராம் ஈயம் வைக்க வேண்டும். போன வாரம் நன்றாகப் பறந்தது, இந்த வாரம் குதிரை மாதிரி எகிறுகிறது என்பவர்கள் முதலில் வாலில் ஒட்டிய டேப்பைப் பார்க்கட்டும்.

பேட்டரி மாற்றமும் அப்படித்தான். முதல் ஈஸிஸ்டார் 6, 7 செல் நிக்கல் பேட்டரிக்கும் பிரஷ் மோட்டாருக்கும் வடிவமைக்கப்பட்டது. அதில் எடை குறையட்டும் என்று 110 கிராம் லித்தியம் பேட்டரியை வைத்தவர்கள் வால் கனத்தில் மாட்டிக்கொண்டார்கள். 2க்கு 3 செல், 2000 முதல் 2200 எம்.ஏ.எச். பேட்டரிதான் எடைக்கும் இடத்துக்கும் பொருந்துகிறது. மோட்டாரைப் பெரிதாக்குபவர்களும் கவனிக்க வேண்டும். திமில் மையத்துக்குப் பின்னால் இருப்பதால், 20 கிராம் கூடுதல் மோட்டார் 100 மி.மீ. பின்னால் உட்கார்ந்தால் மையம் 3 மி.மீ. பின்வாங்கும்.

பேட்டரியின் இடத்தைக் கண்டுபிடித்ததும் அதன் பின்விளிம்பு நிற்கும் இடத்தில் உள்ளே பேனாவால் கோடு போட்டு, அங்கே ஒரு நுரைத் துண்டை ஒட்டிவிடுங்கள். வெல்க்ரோவை மட்டும் நம்பினால் வெயிலில் பசை இளகும், கைவீச்சில் ஏவும்போது பேட்டரி பின்னால் நழுவும். ஏவிய கையோடு மூக்கு வானத்தைப் பார்த்து நின்று, அப்படியே சரிந்து விழும் விபத்துகளில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

பக்கவாட்டுச் சமநிலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மூக்கின் அடிநடுவில் ஒருவர் விரல், வால் முனையில் இன்னொருவர் விரல் வைத்துத் தூக்குங்கள். மூன்று முறை செய்து, மூன்று முறையும் ஒரே இறக்கை தாழ்ந்தால் அது கனம். எதிர் இறக்கையின் நுனியில் நுரையைக் கீறி ஒரு ரூபாய் நாணயம் ஒன்றைச் செருகி டேப் ஒட்டினால் 3 முதல் 4 கிராம் கிடைக்கும். பெரும்பாலும் அதற்கு மேல் தேவைப்படாது. தேவைப்பட்டால் ஒரு பக்கம் பசை அதிகம் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். நேராகப் பறக்கும்போது ஒன்றும் தெரியாது. வேகம் குறைந்து இறக்கை தாக்குப்பிடிக்காமல் போகும் கணத்தில், எப்போதும் ஒரே பக்கம் சரிந்து விழுவதில்தான் இந்தக் குறை வெளிப்படும்.

பிராப் சமநிலைக்குக் காந்தத் தாங்கி ஒன்று இருந்தால் போதும். கனமான இதழ் கீழே போய் நிற்கும். அதன் பின்பக்கத்தை, நுனியை ஒட்டி, 400 எண் உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். முன்விளிம்பைத் தொடாதீர்கள். நுரைத் திமிலில் நிற்கும் மோட்டார் அதிர்ந்தால் முழு உடலும் வீணைக் குடம் மாதிரி ரீங்கரிக்கும், மோட்டார் திருகுகள் தளரும். இன்னொன்று: பின்னாலிருந்து தள்ளினாலும் பிராப்பில் எழுத்து இருக்கும் முகம் விமானம் போகும் திசையைத்தான் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் காற்று வரும், சத்தமும் வரும், ஆனால் தள்ளு பாதியாகிவிடும். எழுத்து சரியாக இருந்தும் காற்று முன்பக்கம் வீசினால், பிரஷ்லெஸ் மோட்டாரின் மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை மாற்றிச் செருகுங்கள்.

இவ்வளவும் வீட்டிலேயே முடியும் வேலை. மைதானத்துக்குக் காற்று அசையாத காலையில் போங்கள். கடலோர ஊர்களில் கடல்காற்று எழுந்த பிறகு இவ்வளவு லேசான விமானத்தை ட்ரிம் செய்ய முயல்வது, ஓடும் பேருந்தில் ஊசியில் நூல் கோர்ப்பது போல. நிற்கும் காரில் வெயிலில் விட்டுப் போனாலும் இறக்கை முறுக்கிக்கொள்ளும்.

முதல் வேலை, மோட்டார் இல்லாமல் கைவீச்சு. முழங்கால் உயரப் புல் இருக்கும் இடம் சிறப்பு. நான்கைந்து அடி ஓடி, தோள் உயரத்தில், இறக்கை மட்டமாக, மூக்கு தொடுவானத்துக்கு ஒரு துளி கீழே பார்க்கும்படி ஈட்டி எறிவது போல் நேராகத் தள்ளி விடுங்கள். மேல்நோக்கி எறியக் கூடாது. சரியான விமானம் 15 முதல் 20 மீட்டர் வரை ஒரே சரிவில் வழுக்கிப் போய் வயிற்றில் இறங்கும். மூக்கு எழும்பி, வேகம் செத்து, பொத்தென்று விழுந்தால் வால் கனம், அல்லது எலிவேட்டர் மேலே இருக்கிறது. 7, 8 மீட்டரில் மூக்கை நட்டால் எதிர். ஆனால் எறிவதும் ஏமாற்றும். மெதுவாக விட்டால் நல்ல விமானமும் மூக்கு குத்தும், பலமாக வீசினால் நல்ல விமானமும் எழும்பும். ஒரே வேகத்தில் மூன்று முறை ஒரே மாதிரி நடந்த பிறகுதான் ட்ரிம்மில் கை வைக்க வேண்டும். அதற்கு முன்பும் மையத்தை இன்னொரு முறை அளங்கள். எடைத் தவறை எலிவேட்டரால் மூடிமறைத்தால் அது ஒரு வேகத்தில் மட்டும் மறையும், மற்ற எல்லா வேகத்திலும் தலைகாட்டும்.

இப்போது திமிலின் சங்கதி. மூக்கில் மோட்டார் இருக்கும் விமானம் பலவற்றில் த்ராட்டிலை (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டிக்) திறந்தால் மூக்கு எழும்பும். ஈஸிஸ்டாரில் விசை மேலிருந்து தள்ளுவதால், சட்டென்று முழுதாகத் திறந்தால் மூக்கு தாழும், மூடினால் எழும்பும். இதைத் தணிக்க மோட்டார் இருக்கையிலேயே சாய்வு கொடுத்திருக்கிறார்கள், ஆனால் பலமான மோட்டார் வைத்தால் அந்தச் சாய்வு போதாது. இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். முழு த்ராட்டிலில் ஏவுகிறார்கள், மூக்கு தாழ்கிறது, மேல் ட்ரிம்மைக் கூட்டுகிறார்கள். உயரம் போனதும் த்ராட்டிலைக் குறைத்தால் அந்த மேல் ட்ரிம் இப்போது எதிரி. விமானம் எழும்பி, நின்று, விழுந்து, மறுபடி எழும்பி அலையடிக்கிறது. உடனே வால் கனம் என்று முடிவு கட்டி மூக்கில் ஈயம் ஏற்றுகிறார்கள். ஈயம் ஏறியதும் இன்னும் மேல் ட்ரிம் கேட்கிறது. ஒரு பிழைக்கு இன்னொரு பிழை முட்டுக் கொடுத்து நிற்கும் இப்படிப்பட்ட ஈஸிஸ்டார்களைத்தான் செகண்ட் ஹேண்டாக வாங்குபவர்கள் பெற்றுக்கொள்கிறார்கள்.

அதனால் முதல் பறப்பில் மூன்றில் இரண்டு பங்கு த்ராட்டில் போதும். மூக்கை 10 டிகிரி மேலே வைத்து ஏவுங்கள். இறக்கைக்குக் கீழே உடலைப் பிடித்து நேராகத் தள்ளிவிட்டுக் கையைக் கீழே இறக்கிவிட வேண்டும். வீச்சின் போக்கில் கை மேலெழுந்தால் பின்னால் சுற்றும் பிராப்பில் விரல் படும். 40, 50 மீட்டர் உயரம் போனதும் மோட்டாரை அணையுங்கள். அணைத்த நிலையில் நேராக, மெதுவாக வழுக்கும்படி எலிவேட்டரையும் ரட்டரையும் ஒரு நேரத்தில் ஒரு சொடுக்காக ட்ரிம் செய்யுங்கள். அந்த எலிவேட்டர் ட்ரிம்மை அதன் பிறகு தொடக் கூடாது. மோட்டார் போட்டதும் மூக்கு தாழ்ந்தால் அதற்கு மருந்து வேறு: த்ராட்டிலிலிருந்து எலிவேட்டருக்கு 3 முதல் 5 சதவீதம் மேல்மிக்ஸ் (த்ராட்டில் கூடும்போது டிரான்ஸ்மிட்டரே எலிவேட்டரைச் சற்று மேலே தூக்கும் அமைப்பு), அல்லது பிராப் இருக்கும் பின்முனை இன்னும் சற்று உயரும்படி மோட்டாருக்கு அடியில் 1 மி.மீ. வாஷர். வாஷர்தான் மேல். மிக்ஸ் என்பது டிரான்ஸ்மிட்டரோடு போய்விடும், வாஷர் விமானத்தோடு இருக்கும்.

எடை நிஜமாகச் சரிதானா என்று வானத்தில் உறுதிசெய்ய ஒரு சோதனை. 80 மீட்டர் உயரத்தில் மோட்டாரை அணைத்து, 30 டிகிரி அளவுக்கு மூக்கைத் தாழ்த்தி, வேகம் ஏறியதும் ஸ்டிக்கை விடுங்கள். மெதுவாகத் தானே மீண்டு எழுந்தால் நல்லது. வெடுக்கென்று மேலே பாய்ந்தால் மூக்கு கனம். கனத்தைத் தாங்க வைத்திருக்கும் மேல் எலிவேட்டரின் பலம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அப்படிப் பாய்கிறது. மீளாமல் சரிவு இன்னும் செங்குத்தானால் வால் கனம், உடனே கையால் இழுத்து மீட்டு இறக்குங்கள். ஒரு முறைக்கு 3 மி.மீ.க்கு மேல் மையத்தை மாற்ற வேண்டாம். போட்டு வைத்த மூன்று கோடுகளும் இப்போது உதவும். பழகும்வரையும் காற்றுள்ள நாளிலும் 75, மற்றபடி 78. மேலெழும் வெப்பக் காற்றில் மோட்டாரில்லாமல் மிதக்க ஆசைப்படும் கை 81ஐத் தொட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் எலிவேட்டர் தொட்டாற்சிணுங்கியாகிவிடும்.

பறந்து இறங்கியதும் டிரான்ஸ்மிட்டர் ட்ரிம்மைக் கம்பி நீளத்துக்கு மாற்றிவிட்டு, ட்ரிம்மைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பையிலோ காரிலோ ட்ரிம் பொத்தான் தட்டுப்பட்டு நகர்ந்தாலும் அப்போது பழைய நிலை தெரியும்.

குறைகள்? சக்கரம் கிடையாது, கைவீச்சில்தான் ஏவ வேண்டும். தனியாகப் போகும் புதியவருக்கு ஒரு கையில் விமானம், ஒரு கையில் டிரான்ஸ்மிட்டர் என்பது சிரமமே. ஏலரான் வைத்தாலும் உருள்வது சோம்பல். வால் தண்டு நீளமானது, பலமாக இறங்கினால் முறுக்கிக்கொள்ளும். மூக்கு நுரை அடி வாங்க வாங்க நசுங்கி, ஒவ்வொரு மி.மீ.ஆகப் பேட்டரியின் இடத்தைத் தின்னும், அதனால் பத்துப் பறப்புக்கு ஒருமுறை பென்சில் தாங்கியை வெளியே எடுப்பது நல்லது. விலையும் இதே சாயலில் வரும் மற்ற தள்ளுவகை நுரை விமானங்களைவிட அதிகம். அவையும் பறக்கும், இங்கே சொன்ன வேலைமுறை முழுக்க அவற்றுக்கும் பொருந்தும். ஆனால் 78 என்ற எண் பொருந்தாது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையிலான அகலம் மாறினால் மையமும் மாறும், ஆகவே அந்தந்தக் கையேட்டின் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். கையேடு இல்லாமல் பழையது வாங்கினால், உடலை ஒட்டிய இடத்தில் அந்த அகலத்தை அளந்து, முன்விளிம்பிலிருந்து 30 சதவீதத்தில் தொடங்கி, கைவீச்சில் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்த்துங்கள். மூக்கு கனமான விமானத்தைச் சிரமப்பட்டாவது இறக்கிவிடலாம், வால் கனமானதை முதல் பத்து விநாடி தாண்ட விடுவதே கஷ்டம்.